பதினோரு போனுக்கு ஒரே ஐடி

"ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்களாக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பூவிழி கேட்டபோது குழாயடியில் இன்னும் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அக்கறையாகத்தான் கேட்டாள், அதில் குத்தலோ கிண்டலோ இல்லை. கோமளா, "யாருக்கு ஆபரேஷன்?" என்று சொல்லிவிட்டுப் பாதிக் குடத்தோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் யாரும், என்ன ஆபரேஷன் என்று கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அவள், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, பொன்னேரியில் நர்ஸாக இருக்கும் தங்கை பானுப்ரியா. புருஷன் வேணுவிடம்கூட, மாரில் நீர்க்கட்டி மாதிரி ஏதோ இருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று முக்கால்வாசியை மறைத்துத்தான் சொல்லியிருந்தாள். முழுக்கச் சொன்னால் அவர் படகு எடுக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார் என்று பயம்.

கோமளாவுக்கு நாற்பத்து நாலு வயது. லைட்ஹவுஸ் குப்பத்தில் நண்டுக்காரி என்றால் அவள்தான். விடிந்ததும் பழவேற்காடு ஏரியிலிருந்து வரும் படகுகளில் சேற்று நண்டாகப் பார்த்து எடுப்பாள். கொடுக்கைக் கயிறு போட்டுக் கட்டி, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் தன் கையை வைத்துப் படம் எடுப்பாள். சென்னையில் அறுபது வீட்டுக்கு மேல் அந்தப் படம் போகும். யார் என்ன கேட்டார்களோ அதைப் பெட்டியில் போட்டுப் பத்து மணி வண்டியில் ஏற்றிவிடுவாள். எந்தப் படகு நண்டு என்று வாங்குகிற வீட்டுக்குச் சொல்லமாட்டாள், எந்த வீட்டுக்குப் போகிறது என்று படகுக்காரரிடம் சொல்லமாட்டாள். பதினாலு வருஷமாக அப்படித்தான் தொழில் ஓடுகிறது. வாயைக் கட்டி வைக்கத் தெரிந்தவள் என்று தன்னைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதனால்தான் அவளுக்கு முதலில் தங்கைமேல் சந்தேகம் வந்தது. போன் போட்டு, நீ யார்கிட்ட சொன்ன என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். பானுப்ரியா சத்தியம் செய்தாள், பிறகு அழுதாள். அக்காவும் தங்கையும் சண்டையில் இருக்கும்போதே பூவிழி தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதக்கா. எங்க வூட்டு போன்லதான் வந்துச்சு. உன் பேரு போட்ட ரிப்போர்ட்டு. நீ அனுப்புனேன்னு நினைச்சேன்."

கோமளா வாங்கிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட், அவள் பெயர், வயது. அதற்கு அடுத்து, வலப்பக்கம் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பானுப்ரியா கேட்டதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த படம். முகம் தெரியவில்லை. ஆனால் சுவரில் தொங்கிய காலண்டர் தெரிந்தது, அது இந்த வீட்டுக் காலண்டர். பூவிழியின் பையன்கள் இரண்டு பேரும் அந்தப் போனில்தான் விளையாடுவார்கள். அவள் புருஷன் சுரேஷ் அந்தப் போனில்தான் வீடியோ பார்ப்பான்.

கோமளா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் அந்தக் காலண்டரைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள்.

விவரம் மத்தியானம்தான் புரிந்தது. பானுப்ரியா கோபத்தை விழுங்கிக்கொண்டு போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னாள். செட்டிங்ஸுக்குள் போ, மேலே ஒரு வட்டம் இருக்கும், அதைத் தொடு, அங்கே என்ன மெயில் ஐடி இருக்கிறது படி. கோமளா எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதில் அவள் பெயரே இல்லை. ரஞ்சித் மொபைல்ஸ் என்று ஆரம்பித்து ஏதோ எண்ணில் முடிந்தது. பூவிழி போனிலும் அதே ஐடி.

ஊரடங்கு சமயத்தில் பிள்ளைகளுக்குப் போனில் பாடம் நடந்தபோது குப்பமே பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ரஞ்சித்குமார் கடையில்தான் போன் வாங்கியது. அவன் உறையைப் பிரித்து, சிம் போட்டு, ஐடி போட்டு, 'எல்லாம் ரெடிக்கா' என்று கையில் கொடுப்பான். அந்த ஐடி என்பது என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவன் எல்லாப் போனுக்கும் தன் கடை ஐடியையே போட்டிருக்கிறான். ஒரு போனில் எடுக்கிற படம் மேலே இணையத்தில் போய்ச் சேர்ந்து, அந்த ஐடி உள்ள எல்லாப் போனுக்கும் இறங்குகிறது.

பானுப்ரியா இன்னொரு பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். அந்த ஐடியில் எத்தனை போன் இருக்கிறது என்று அதில் வரிசையாகக் காட்டும். அந்தக் காலத்துப் போன்களில் பாதி உடைந்தும் விற்றும் போயிருக்க, மிச்சத்தைக் கோமளா எண்ணினாள். பதினொன்று.

அப்போதுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. இரண்டு வருஷமாகத் தன் போனில் தெரியாத வீட்டுப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. யாருடைய கல்யாணமோ, யாருடைய ஆடோ, சர்ச்சில் வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள். பூவிழி வீட்டுப் படத்தை அவள் அனுப்பியது என்றும், மற்றதை விளம்பரம் மாதிரி தானாக வருவது என்றும் நினைத்திருந்தாள். வண்டி வருகிறவரை உட்கார்ந்து தள்ளித் தள்ளிப் பார்ப்பதும் உண்டு. அந்தச் சர்ச் வீட்டுப் பெண்ணை அவளுக்கு இப்போது முகம் பார்த்தாலே தெரியும். நீல டிரம் வைத்த சமையலறை, தையல் மிஷின், தண்ணீர் ஒழுகும் கூரை வரைக்கும் பழக்கம். அவள் அந்த வீட்டைப் பார்த்த மாதிரிதான் அவர்கள் இவள் வீட்டையும் பார்த்திருப்பார்கள். 

ரஞ்சித்குமார் பழவேற்காட்டில் இல்லை. கடை இருந்த இடத்தில் டிபன் கடை வந்திருந்தது. எளாவூரில் செக்போஸ்ட் பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை என்று கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த நாள் நண்டுப் பெட்டியை ஏற்றிவிட்டு, பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில் என்று பிடித்து எளாவூர் போய்ச் சேர்ந்தாள்.

அவன் மரியாதையாகத்தான் பேசினான். நாற்காலி போட்டான், டீ சொன்னான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"அப்போ ஒரு நாளைக்கு நாப்பது போன் போவும்க்கா. ஆளுக்கு ஒரு ஐடி போட்டுக்கினு இருந்தா நான் எப்போ வூட்டுக்குப் போறது? ஃப்ரீயாதானே போட்டுக் குடுத்தேன்."

"என் ஒடம்பு போட்டோவை ஊர் பாத்துக்கினு கீதுப்பா. நீ இன்னா ஃப்ரீன்னு பேசற?"

அவன் சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு ஐடியை அடித்தான். பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை. கடை பெயர் போட்டுப் பார்த்தான், மகள் பெயர் போட்டுப் பார்த்தான், வண்டி நம்பர் போட்டுப் பார்த்தான். எதையும் ஏற்கவில்லை. மறந்துவிட்டது என்பதை அழுத்தினால், பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அந்த சிம்மை அவன் விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அந்த நம்பருக்குப் போன் செய்தான். எடுத்தவர் தெலுங்கில் பேசினார், சூலூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு லாரி டிரைவர். ஓடிபி வந்திருக்கிறதா, சொல்லுங்கள் என்று ரஞ்சித்குமார் கேட்டதும், ஏமாற்றுக்காரன் என்று நினைத்து நன்றாகத் திட்டிவிட்டு வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே என்றுதானே நாடெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது தடவைக்கு மேல் கணக்கே பூட்டிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து வா என்று திரையில் வந்தது. கணக்கை ஆரம்பித்த மாதம் எது, கடைசியாகப் போட்ட பாஸ்வேர்டு எது என்று அது கேட்ட எதற்கும் அவனிடம் பதில் இல்லை. சொந்தக்காரன் இவன், இவனையே உள்ளே விடமாட்டேன் என்கிறது. சொந்தமே இல்லாத பதினோரு பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். கோமளாவுக்குத் தலை வலித்தது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து தானே செய்வதென்று முடிவு செய்தாள். பாஸ்வேர்டு இல்லாமலே தன் போனிலிருந்து சிலதைச் செய்யலாம் என்று பானுப்ரியா சொல்லியிருந்தாள். எடுக்கிற படம் மேலே போகாமல் நிறுத்துவது அதில் ஒன்று. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. எல்லாம் இங்கிலீஷ். ஒன்றைத் தொட்டால் ஒன்பது திறந்தது. சரி, தமிழுக்கு மாற்றிப் பார்ப்போம் என்று மாற்றினாள். அது இங்கிலீஷை விடக் கஷ்டமாக இருந்தது. 'காப்புப்பிரதி' என்று ஒன்று, 'தனியுரிமை' என்று ஒன்று. தனியுரிமையைப் படித்ததும் அவளுக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் ஞாபகம் வந்தது. வேணு எட்டிப் பார்த்து, இன்னாம்மே ஆபீஸ் வேலை பண்ற என்றார். ஒன்றுமில்லை என்றாள்.

கடைசியில், படத்தை மேலே அனுப்புவது அதுதான் என்று கண்டுபிடித்து அந்தக் காப்புப்பிரதியை அணைத்தாள். ஆனால் ஏற்கெனவே போன படங்கள் அங்கேயேதான் இருந்தன. நாளை எடுக்கிற படத்துக்குத்தான் பூட்டு, நேற்று எடுத்ததற்கு இல்லை. ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க ஆரம்பித்தாள். பதினோரு வீட்டுப் படமும் தேதி வாரியாகக் கலந்து கிடந்தது. இவள் ரிப்போர்ட்டுக்கு முன்னால் யாரோ வாங்கிய ஃபேன், பின்னால் யாருடைய பிறந்தநாள் கேக்கோ. நண்டுக் கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல் திரையில் சரியாகப் பதியவில்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று பெரிதாகியது. அரை மணி நேரத்தில் ஒன்பது படம்தான் அழிந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்தது இரண்டரை மாதம். எந்த நாளில் என்ன எடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அப்போதுதான் தேதிக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் இருப்பதைப் பார்த்தாள். அதைத் தொட்டால் அந்த நாளே மொத்தமாகத் தேர்வானது. பொறுமை அதோடு போயிற்று. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பாதி, நாள் நாளாகத் தொட்டு அழித்தாள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீங்கும், சரியா என்று கேட்டது. அதைத்தான் நான் கேட்கிறேன் என்று வாய்விட்டே சொல்லி அழுத்தினாள். குப்பைத்தொட்டியில் அறுபது நாள் கிடக்கும் என்று தங்கை சொன்னது ஞாபகம் வந்து அதையும் காலி செய்தாள். பூவிழியைக் கூப்பிட்டு அவள் போனைப் பார்க்கச் சொன்னாள். இல்லை என்றாள் பூவிழி. குழாயடிப் பேச்சுக்குப் பிறகு கோமளா அன்றைக்குத்தான் சோற்றை ருசித்துச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் நண்டு கட்டிக்கொண்டிருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எளாவூரிலிருந்து ரோசி என்று ஒருத்தி பேசினாள். ஐம்பது வயது இருக்கும், களைத்த குரல். அவளும் ரஞ்சித்குமாரின் பழைய கடையில் போன் வாங்கியவள், அவன்தான் நம்பர் கொடுத்தானாம். கேட்காமல் கொள்ளாமல் நம்பரைக் கொடுத்திருக்கிறானே என்று கோமளாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

ரோசி சத்தம் போடவில்லை. அவள் மகள் பிரின்சியைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மருமகன் கை நீட்டுகிறவன். ஜனவரியில் கண்ணுக்குக் கீழேயும் முழங்கையிலும் கன்றிப்போய் வந்து நின்றபோது ரோசி படம் எடுத்து வைத்தாள். மகள் அப்போது புகார் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டாள். இப்போது மறுபடியும் அடி வாங்கி, புகார் கொடுக்கிறேன் என்று அவளே வந்திருக்கிறாள். பழைய படம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று வக்கீலம்மா சொன்னார்களாம். போனைத் திறந்தால் இரண்டரை மாதப் படமே காணோம்.

"நீங்கதான் அழிச்சிருப்பீங்கன்னு அந்தத் தம்பி சொன்னாரு. திருப்பி எடுக்க முடியுமாம்மா?" என்று கேட்டாள் ரோசி.

தொட்டியைக் காலி செய்தால் திரும்ப வராது என்று கோமளாவுக்குத் தெரியும். பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்று வைத்துவிட்டாள். கையிலிருந்த நண்டு கட்டு நழுவிப் பெட்டிக்குள் ஓடியது. அதைப் பிடிக்கத் தோன்றவில்லை.

சர்ச் வீட்டுப் பெண்தான் பிரின்சி. நீல டிரம் வீடு. அந்தக் கன்றிப்போன முகத்தை கோமளா பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு நிற்கவுமில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் பூவிழிக்கு அனுப்பி, 'யாரு பெத்த பொண்ணோ, எவன் அடிச்சானோ பாரு' என்று பேசி வேறு அனுப்பினாள். பூவிழியும் ஐயோ என்று ஒரு குரல் அனுப்பினாள். அதைப் பற்றி இரண்டு பேரும் வலைக்கொட்டகை நிழலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள். யாருடைய படம், நம்மிடம் எப்படி வந்தது என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாயைக் கட்டி வைக்கத் தெரிந்தவள்.

கோமளா தன் போனில் இடம் இல்லை என்று பழைய சாட்டையெல்லாம் துடைத்திருந்தாள். பூவிழி எதையும் துடைக்காதவள். நேராக அவள் வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளி ஜனவரிக்குப் போனார்கள். மீன் குழம்பு வீடியோ, சாமி படம், காலை வணக்கம் எல்லாம் தாண்டி, ஜனவரி ஒன்பதாம் தேதி, மதியம் இரண்டு பத்து. இரண்டு படங்கள். தேதியும் நேரமும் கீழே தெளிவாக இருந்தன.

ரோசிக்கு அனுப்பிவிட்டு, போன் வரும் என்று காத்திருந்தாள். பத்து நிமிஷத்தில் வந்தது.

"கிடைச்சிருச்சும்மா, தேங்க்ஸ். இது உங்ககிட்ட எப்படித் தனியா இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு மூலையில் கிடந்தது என்றால் ரோசி நம்பியிருப்பாள். ஆனால் வக்கீல் கேட்பாள், தேதி கேட்பாள், பூவிழி போனைக் காட்டச் சொல்வார்கள். அதைவிட, பொய் சொல்ல அன்றைக்கு அவளுக்குத் தெம்பு இல்லை. நான்தான் பக்கத்து வீட்டுக்காரிக்கு அனுப்பினேன் அக்கா, யாரென்று தெரியாமல், வேடிக்கைக்கு என்று சொன்னாள். 'வேடிக்கைக்கு' என்ற வார்த்தை வெளியே வந்தபிறகு அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

 அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"உங்க ரிப்போர்ட்டு என் போன்லயும் வந்துச்சும்மா," என்றாள் ரோசி. "அந்தப் போட்டோவும்தான். நான் யார்கிட்டயும் காமிக்கல."

அதோடு வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் கோமளாவும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பாள். போன் அணைந்தபிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வேணுவுக்கு விஷயம் கரையிலேயே தெரிந்துவிட்டது. சுரேஷ், பாவம் என்று ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறான். வேணு வீட்டுக்கு வந்து ஈர லுங்கியை மாற்றாமலே உட்கார்ந்தார். ஊரில் ஒவ்வொருத்தனும் என் பொண்டாட்டிக்கு இன்னான்னு எனக்குச் சொல்றான், எனக்குத் தெரியல என்றார்.  ஆபரேஷன் வரைக்கும் அவர் படகே எடுக்கவில்லை. எதற்கு மறைத்தாளோ அதுவே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பானுப்ரியா வந்தாள். கோமளா பெயரில் புது ஐடி போட்டார்கள். அது சொன்ன அளவுக்குச் சுலபமாக இல்லை. வாடிக்கை வீட்டு நம்பர் எல்லாம் பழைய ஐடியில் இருந்தன. அதை எடுத்தால் நம்பரும் போய்விடும். மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூறு பெயர்கள். 'அடையாறு மாமி' தனது, 'டயர் கடை அண்ணன்' யாருடையதோ. 'அம்மா' என்றே ஐந்து நம்பர் இருந்தது, அதில் ஒன்றுகூட இவள் அம்மாவுடையது இல்லை. நோட்டில் எழுதி எழுதி அறுபத்து மூன்று வீடுகளைப் பிரித்தெடுப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. அதில் நான்கு வீட்டு நம்பர் தவறிப்போயிற்று, இரண்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

பழைய ஐடியை மூட யாராலும் முடியவில்லை. ரஞ்சித்குமார் மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் பூட்டிக்கொண்டு, பிறகு கோமளா போன் செய்தால் எடுப்பதை விட்டுவிட்டான். ரோசியும் கோமளாவும் விசாரித்து விசாரித்து ஏழு போன் யாருடையது என்று கண்டுபிடித்தார்கள். ரோசி அவளிடம் தேவைக்கு மட்டுமே பேசினாள். மீதி நான்கு யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. அவர்கள் எடுக்கிற படம் இப்போதும் எங்கேயோ இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

பூவிழியிடம், உன் போனிலும் மாற்றிவிடலாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். என்கிட்ட மறைக்கறதுக்கு இன்னாக்கா கீது என்று பூவிழி சிரித்தாள். கோமளாவுக்கு வந்த கோபத்தில் அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அங்கேயே நின்று, அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

ஏப்ரலில் ஆபரேஷன் முடிந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். குப்பத்திலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் குவிந்தது. யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை, எல்லோரும் ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள் மாதிரியே பேசினார்கள். பிரின்சியின் புகாரைப் போலீஸில் எடுத்துக்கொண்டார்கள் என்று, ரோசிக்குப் போன் செய்து விசாரித்த பானுப்ரியா மூலம் கேள்விப்பட்டாள். நேரில் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

தையல் பிரித்த மறு வாரமே நண்டு எடுக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது போன் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றே அழுத்துகிறாள். மைக் வேண்டாம், படம் வேண்டாம், இருக்கிற இடம் தெரிய வேண்டாம். அதனால் அவதி அவளுக்குத்தான். போன வாரம் புது வண்டிக்காரன் பெட்டி எடுக்க வந்தவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, லொகேஷன் அனுப்புங்கக்கா என்று நாலு தடவை கேட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் அனுப்ப மாட்டேன். வாயால சொல்றேன், கேட்டுக்கோ," என்றாள் கோமளா. பாலத்தைத் தாண்டி வா, லைட்ஹவுஸைப் பாத்துக்கினே வா என்று ஆரம்பித்தாள். அவன் இடதுபக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் வலதுபக்கம் திரும்பிவிட்டான். அவள் மறுபடியும் பாலத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.